தட்டில் போன ஹொக்கி அட்டைகள்

மெழுகு பூசிய தாளைப் பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறுவது சுவிங்கத்தின் வாசனை. ரோஸ் நிறத்தில், விரலளவு நீளத்தில், தகடு போல விறைத்துக் கிடக்கும் அந்தச் சுவிங்கத்தைக் கடைவாயில் போட்டால் அப்பளம் போல நொறுங்கி, கொஞ்ச நேரம் இனித்து, பிறகு வெறும் றப்பராகிவிடும். ஆனால் அதன் வாசனை மட்டும் கூடவே இருந்த அட்டைகளில் ஏறி மாதக்கணக்காகப் போகாது. ஹொக்கி அட்டை சேர்த்த நாட்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த வாசனையில் தொடங்கி, நடுவில் கொஞ்சம் கண் கலங்கி, அந்தக் காலம் இனி வருமா என்று முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கண் கலங்குவதில்லை. கோபம்தான் வருகிறது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஆறாத அந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், மூடுபனி நாட்களில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத ஓர் உயர மாடியில் இருந்தோம். ஓர் அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும். ஹோல் வாடகைக்கு இருந்த "பெடியளுக்கு". பெடியள் என்றால் அப்பாவின் ஊரிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர்கள். ஒருவர் வேலைக்குப் போக இன்னொருவர் வந்து அதே மெத்தையில் படுப்பார். முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், மெத்தை மாறாது. அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார், அம்மா தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை. குளிர்கால மேலங்கி யாரோ கொடுத்தது, கட்டில் அம்மாவோடு பங்கு, புத்தகப் பை ஒரு பெடியன் விட்டுவிட்டுப் போனது. எனக்கே எனக்கென்று இருந்தது அப்பாவின் பனிச்சப்பாத்து வந்த காட்போட் பெட்டி ஒன்றுதான். அதற்குள் என் ஹொக்கி அட்டைகள் இருந்தன.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவான தடித்த அட்டை. முன்பக்கம் பனியில் சறுக்கி விளையாடும் ஒரு ஹொக்கி வீரரின் வண்ணப்படம், பின்பக்கம் அவர் பிறந்த ஊர், உயரம், நிறை, அடித்த கோல்கள். மூலைக்கடையில் பைக்கற்றாக விற்பார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று பிரிக்கும்வரை தெரியாது, பிரித்த பிறகு பெரும்பாலும் ஏமாற்றம்தான். பைக்கற் வாங்குவதற்கு நான் கண்டுபிடித்த வழி கடை வண்டில். பெரிய கடைகளில் சாமான் தள்ளும் வண்டிலை எடுப்பதற்கு ஒரு "குவாட்டர்" குற்றியை, அதாவது இருபத்தைந்து சத நாணயத்தை, பூட்டில் செருக வேண்டும், திருப்பிக் கொண்டுபோய்ப் பூட்டினால் குற்றி வெளியே வரும். எங்கள் கட்டடத்துச் சனம் சாமானோடு வண்டிலை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவற்றைப் பொறுக்கி, பனிச் சேற்றில் வண்டிலின் சில்லுகள் புதையப் புதைய, கை விறைக்க விறைக்கத் தள்ளிக்கொண்டு போவேன். அந்தப் பெட்டியிலிருந்த ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் ஒரு வண்டில் இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

அட்டை மாற்றுவது கட்டடத்தின் பின்படிக்கட்டில். லிப்ற் பழுதாகிற நாட்களைத் தவிரப் பெரியவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. மூத்திர வாடையும் பத்து நாட்டுக் கறி வாடையும் கலந்து நிற்கும் அந்தப் படிகளில் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்து, ஒருவர் தன் கட்டை விரல் நுனியால் அட்டை அட்டையாகத் தள்ளிக் காட்ட, மற்றவர் "காட் இட், காட் இட், காட் இட்" என்று ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டே போய், இல்லாதது வந்ததும் "நீட் இட்!" என்று துள்ளுவார். அந்தத் துள்ளலில்தான் எல்லோரும் கெட்டுப்போவார்கள். ஆசை வெளியே தெரிந்துவிட்டால் எதிரி விலையை ஏற்றிவிடுவான். நான் துள்ளவே மாட்டேன். வேண்டியது வந்தாலும் கொட்டாவி விட்டுக்கொண்டு "காட் இட்" என்றுவிட்டு, போகிற போக்கில் வேண்டாத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டு, அதோடு சேர்த்து வேண்டியதையும் வாங்கிவிடுவேன். படிக்கட்டில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. ஆனாலும் அங்கே எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. "வதனி" என்ற என் பெயரை ஒருவனாலும் ஒழுங்காகச் சொல்ல முடியாவிட்டாலும், நான் வந்தால் நகர்ந்து இடம் விடுவார்கள். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எந்தக் கூட்டத்திலும் அப்படி எனக்கு யாரும் இடம் விட்டதில்லை.

என் முக்கிய எதிரியும் முக்கிய கூட்டாளியும் மார்லன். இரண்டு மாடி கீழே இருந்தான், தாய் தகப்பன் கரீபியன் தீவொன்றிலிருந்து வந்தவர்கள், என்னை விட ஒரு வகுப்பு மேலே. அவனுக்கு என்னிடமிருந்து ஓர் அட்டை வேண்டும், ஒரே ஓர் அட்டை. அதற்காக அவன் எதையும் தரத் தயாராக இருந்தான், நான் எதற்கும் கொடுக்கத் தயாராக இல்லை.

அது ஒரு கோல் கீப்பரின் அட்டை. அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் நகரத்துக் குழுவின் நீலச் சட்டை, காலில் தலையணை கட்டியது போன்ற காப்புகள், முகத்தில் முழு முகமூடி. மற்ற வீரர்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு அல்லது பல் விழுந்த இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், எல்லோரும் வெள்ளைக்காரர். இவர் ஒருவருக்குத்தான் முகம் இல்லை. முகமூடிக்குள் யாரும் இருக்கலாம். நானே இருக்கலாம். பதினொரு வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியாது, ஆனால் அந்த அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் அப்படித்தான் இருக்கும். பைக்கற்றில் அது சுவிங்கத்துக்கு அடுத்ததாக இருந்திருக்க வேண்டும். பின்பக்கத்தின் கீழ்மூலையில், அவருடைய நிறை எழுதியிருந்த இடத்துக்கு மேலே, சுவிங்கம் இளகி ஒட்டித் தேத்தண்ணி சிந்தியது போல ஒரு கறை. அந்தக் கறையால் அதற்கு மதிப்பில்லை என்று மார்லன் விலையைக் குறைக்கப் பார்ப்பான். மதிப்பில்லாவிட்டால் நீ ஏன் கேட்கிறாய் என்பேன்.

சனிக்கிழமை மாலைகளில் ஹோலில் இருந்த தொலைக்காட்சியில் அப்பாவும் நானும் ஆட்டம் பார்ப்போம். அப்பாவுக்கு விதிமுறை ஒன்றும் தெரியாது. பந்து உருண்டையாக இல்லாமல் வடைபோலத் தட்டையாக இருப்பதே அவருக்குப் பெரிய குறை. ஆனால் கோல் கீப்பர் மீது மட்டும் அவருக்கு ஓர் இரக்கம். "உவன்தான் பாவம் பிள்ளை, எல்லாரும் உவனை நோக்கித்தானே அடிக்கிறாங்கள்" என்பார். ஒவ்வோர் ஆட்டத்திலும் சொல்வார், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொல்வார். வேலைக் களைப்பில் பாதியில் குறட்டை விட்டாலும், கோல் விழுந்தால் கண்ணைத் திறந்து "விட்டிட்டானே" என்று கேட்பார். அந்த ஆட்டங்களில் அப்பாவின் பக்கத்தில் இருந்த நேரம்தான் நான் அவரோடு மிக நெருங்கி இருந்த நேரம் என்று நினைக்கிறேன். அதனால்தான் பிறகு நடந்தது அப்படிக் குத்தியது.

இனி மாமா. அம்மாவின் அண்ணன், எங்களுக்கு முன்னமே கனடாவுக்கு வந்து, அப்பாவைக் கூப்பிட்டு எடுத்தவர். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், புதிதாகக் கட்டிய வீடொன்றில், முன்னால் கார் நிற்க இடமும் பின்னால் புல்லும் இருக்கிற வீட்டில் இருந்தார். அவர் வருகிறார் என்றால் அம்மா பெடியளின் மெத்தையைச் சுருட்டிக் குளியலறைக்குள் ஒளித்துவைப்பார். மாமாவின் ஒரே மகன் கஜன் என்னை விட ஒரு வயது இளையவன். அவனிடம் வீடியோ விளையாட்டுப் பெட்டி இருந்தது, சைக்கிள் இருந்தது, எங்கள் வீட்டுக்கு வந்தால் எதையும் தொடாமல் சோபாவின் நுனியில் இருந்துவிட்டு எப்போது போவோம் என்று தாயைக் கேட்பான். என் அட்டைகளை ஒருமுறை காட்டினேன். "இதுகளை வைச்சு என்ன செய்யிறது மச்சாள்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான், அவன் நன்றாகத்தான் கேட்டான்.

எனக்குப் பன்னிரண்டு நடக்கும்போது, பனி உருகுகிற காலத்தில், நான் "பெரியபிள்ளை" ஆனேன். அம்மா முதலில் அழுதார், பிறகு மாமிக்கு ரெலிபோன் எடுத்தார், பிறகு குசினியில் உளுத்தங்களி கிண்டத் தொடங்கினார். மாமி வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்தார். அதோடு நான் அறைக்குள். ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது, ஹோலுக்குப் போகக் கூடாது. காலையில் பச்சை முட்டை, அதன் மேல் நல்லெண்ணெய். காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்கப் பக்கத்தில் இரும்பு வைக்க வேண்டும் என்று தேடி, வேறொன்றும் அகப்படாமல், அப்பாவின் திருப்புளியைத் தலையணைக்குக் கீழே வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. சடங்கு நாள் பார்த்து வைக்கும்வரை எனக்குத் துணை அந்தத் திருப்புளியும் சப்பாத்துப் பெட்டியும்தான்.

அந்த நாட்களில்தான் எங்கள் நகரத்துக் குழுவை நான் முழுதாகச் சேர்த்து முடிக்கிற நிலையில் இருந்தேன். ஒரே ஒருவர் குறை, பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர், முன்பல் இல்லாதவர். மார்லன் தனக்குத் தெரிந்த ஒருவனிடம் அது இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தான். ஒரு பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதவின் சங்கிலி போட்டபடியே அம்மா திறந்தது கேட்டது. வதனி கீழே வருவாளா என்று மார்லனின் குரல். அம்மாவுக்கு இங்கிலீஷ் எட்டுப் பத்துச் சொல்தான் அப்போது.

"நோ. நோ. ஷீ சிக்."

என்ன வருத்தம் என்று அவன் கேட்டான்.

"வெரி சிக்," என்றார் அம்மா.

அவளுக்கு வேண்டியது தன்னிடம் வந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்று சொல்லி அவன் போனான். நான் அறைக் கதவுக்குப் பின்னால், நல்லெண்ணெய் நாற்றத்தோடு, உடம்பில் ஒரு வருத்தமும் இல்லாமல் நின்றேன். கதவைத் திறந்துகொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நான் ஓடக்கூடிய பிள்ளையாக வளர்க்கப்படவில்லை.

அடுத்த நாள் நான் அட்டைகளைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பி, முன்வரிசை, பின்வரிசை, நடுவில் கோல் கீப்பர், குறைந்தவருக்கு ஓர் இடைவெளி என்று அடுக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா உளுத்தங்களியோடு உள்ளே வந்தார். அதே அட்டைகளை அவர் ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் பார்த்தவர்தான். அன்றைக்குத்தான் அவற்றில் ஆம்பிளைகள் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"என்ன பிள்ளை உது? பெரியபிள்ளையான பிள்ளை படுக்கிற கட்டிலில இத்தனை ஆம்பிளையளைப் பரப்பி வைச்சிருக்கிறாய்! ஆரும் கண்டா என்ன நினைப்பினம்?"

"விளையாட்டுப் படம் அம்மா."

"விளையாட்டோ என்னவோ, ஆம்பிளை ஆம்பிளைதான்."

நான் கோல் கீப்பரை எடுத்துக் காட்டினேன். "இவருக்கு முகமே தெரியேல்லை அம்மா."

"முகத்தை மறைக்கிறவன்தான் இன்னும் மோசம்," என்றார் அம்மா. பெட்டியை மூடி, அலுமாரியின் மேல் வைத்தார். அம்மாவை நான் இன்றைக்கும் அந்தப் பதிலுக்காகச் சிரித்துக்கொண்டே நினைப்பேன், சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வரும்.

சடங்கு கட்டடத்தின் கீழ்த்தளத்து விருந்து மண்டபத்தில் நடந்தது. சேலை, கொண்டை, கழுத்து வலிக்கும் மாலை, கண்ணைக் குத்தும் வீடியோ வெளிச்சம். மாமா தேங்காய் உடைத்தார், மாமி ஆலாத்தி எடுத்தார். மாமா வீட்டார் சேலையும் நகையும் பழமும் பலகாரமும் அடுக்கிய தட்டுகளோடு வந்தார்கள். கஜனுக்கும் ஒரு தட்டுக் கொடுத்து, அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நடந்து வந்தான். சனம் சாப்பிட்டது, வாழ்த்தியது, போனது. பின்னேரம் மாமா வீட்டார் தங்கள் மேலங்கிகளை எடுத்துக்கொண்டு புறப்படுவதற்காக மேலே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீடியோக்காரர் அதற்குள் கமராவை மூட்டை கட்டிவிட்டார். ஆகவே அடுத்து நடந்ததற்குப் படம் இல்லை, என் சொல்தான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரிந்திருக்கும்: ஒருவர் வீட்டிலிருந்து வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக் கூடாது. அம்மா தட்டுத் தட்டாகப் பலகாரமும் வாழைப்பழமும் வைத்து மாமியின் கையில் கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசித் தட்டுக்கு வந்தபோது குசினியில் ஒன்றும் இல்லை. சனம் எதிர்பார்த்ததற்கு மேலாக வந்திருந்தது, பலகாரப் பெட்டி வழித்துத் துடைத்தபடி கிடந்தது. அது கஜன் கொண்டுவந்த தட்டு. அவன் அதை நீட்டிக்கொண்டு நின்றான். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அண்ணன் வீட்டுப் பிள்ளையை வெறுந்தட்டோடு அனுப்புவதா? சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு விறுவிறென்று அறைக்குள் போய், கட்டிலில் ஏறி, அலுமாரியின் மேலிருந்த சப்பாத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து தட்டில் வைத்தார். அதன் மேல் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, மிச்சமிருந்த ஒரு வாழைப்பழம்.

"இந்தா கஜன், விளையாட்டுப் படங்கள். வதனிக்கு இனி உது தேவையில்லை."

"அம்மா, அது என்ர," என்றேன்.

"சத்தம் போடாதை. ஆக்களுக்கு முன்னால."

ஆக்கள் என்றால் மாமாவும் மாமியும். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கதவடியில் நின்றார். எனக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் என்ன இருந்தது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எல்லாரும் உவனை நோக்கித்தானே அடிக்கிறாங்கள் என்று கோல் கீப்பருக்காக இரங்கியவர். என் கண்ணை அவர் கண்டார், அது எனக்கு நிச்சயம். கண்டுவிட்டு, "நான் போய் லிப்ற்றைப் பிடிக்கிறன்," என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு லிப்ற் ஒழுங்காக வேலை செய்தது. கஜன் தட்டோடு அதற்குள் ஏறினான். கதவு மூடியது.

இவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு காட்போட் பெட்டி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனது. சொல்லும்போது எனக்கே சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அதுதான் இதில் மிகவும் எரிச்சலூட்டுவது.

அதன் பிறகு பின்படிக்கட்டு இல்லை. பெரியபிள்ளையான பிள்ளைக்குப் படிக்கட்டில் என்ன வேலை? ஹோலும் இல்லை, அங்கே பெடியள் இருந்தார்கள். நான் அறைக்குள் இருந்து படித்தேன். வேறு என்ன செய்வது? வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் "என்ன ஒழுக்கமான பிள்ளை, அறையை விட்டு வெளியில வராது" என்று அம்மாவிடம் சொல்ல, அம்மா பூரித்துப்போவார். சனிக்கிழமைகளில் ஆட்டத்தின் சத்தம் கதவுக்கு அப்பாலிருந்து பெரிதாகக் கேட்கும். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அப்பா சத்தத்தைக் கூட்டிவைக்கிறார் என்று பல வருடம் நம்பி, அதற்காகவே அவரை அரைவாசி மன்னித்தும் இருந்தேன். பிறகு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்குக் காது எப்போதோ மந்தமாகிவிட்டிருந்தது.

மார்லனை ஒருமுறை லிப்ற்றுக்குள் கண்டேன். சுகமாகிவிட்டதா என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். நீ வராததால் அந்த அட்டையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று வருத்தத்தோடு சொன்னான். அந்தக் கோடையில் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

அதே கோடையில் நாங்கள் மாமா வீட்டுக்குப் போனோம். கார் நிற்கும் இடத்தில் கஜன் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தான், சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள் போலப் படபடவென்று சத்தம். கிட்டப் போய்ப் பார்த்தேன். சில்லுக் கம்பிகளில் அடிபடும்படி உடுப்புக் கிளிப்பால் என் அட்டைகளைச் செருகியிருந்தான். என் முன்வரிசை ஒரு சில்லில், பின்வரிசை மற்றச் சில்லில், பாதி கிழிந்து தும்பாகிக்கொண்டிருந்தது. அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போய், வண்டில் வண்டிலாகத் தள்ளி, கை விறைக்க நின்று நான் அவற்றை வாங்கிய கதையை முழுக்கச் சொன்னேன், அவன் வெட்கப்பட வேண்டும் என்பதற்காக. அவன் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். வெட்கப்பட்டானா தெரியாது. கோல் கீப்பரும் அந்தச் சில்லில்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்த வருடங்களில் அடித்த அட்டைகளுக்கு இன்று மதிப்பே இல்லை என்கிறார்கள், அளவுக்கு மிஞ்சி அச்சிட்டுத் தள்ளிவிட்டார்களாம். சுவிங்கமும் அதோடு நின்றுவிட்டது. அப்பா இறந்து சில வருடங்களாகிவிட்டன. கஜன் இப்போது விட்பியில் பெரிய வீடு வாங்கியிருக்கிறான். கடந்த குளிர்காலத்தில், வீட்டின் நிலக்கீழ் அறையைத் திருத்திக் கட்டி முடித்ததற்குச் சொந்தங்களை அழைத்திருந்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி, அதில் எங்கள் நகரத்துக் குழு வழக்கம் போலத் தோற்றுக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் விளக்குப் போட்ட கண்ணாடி அலுமாரி. அதன் நடுத்தட்டில், கெட்டிப் பிளாஸ்ரிக் உறைக்குள், தனியாக, முகமூடியோடு அவர் நின்றார்.

கையில் கண்ணாடிக் குவளையோடு கஜன் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். "இதுதான் என்ர சைல்ட்ஹூட். அப்ப நாங்கள் வந்த புதுசு, கஷ்டம். விண்டரில கடை வண்டில் தள்ளி, குவாட்டர் சேர்த்து, அப்பிடித்தான் பைக்கற் வாங்கினது. இப்பத்தைப் பிள்ளையளுக்கு உதெல்லாம் தெரியுமே?" சனம் உச்சுக் கொட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்தார். அவன் பொய் சொல்கிறான் என்றால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவன் முகத்தைப் பார்த்தேன், பொய்யே இல்லை. நான் அவனை வெட்கப்படுத்தச் சொன்ன கதையை அவன் தன்னுடையதாகவே வளர்த்து வைத்திருந்தான். பால் தேத்தண்ணிக்கும் பலகாரத்துக்கும் நடுவில் என்னுடைய குளிர், என்னுடைய விறைத்த கை, அவனுடைய ஞாபகமாக அங்கே நடமாடியது.

கஜனின் மகள் ஆரணிக்கு அப்போது நான் பெட்டியைப் பறிகொடுத்த வயது. பெண்பிள்ளைகள் குழுவொன்றில் அவள்தான் கோல் கீப்பர். அவள் விளையாடும் படம் சுவரெல்லாம் இருந்தது, அவள் தடுத்த ஒவ்வொரு கோலையும் பற்றி என் அம்மா வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, பின்னுக்கு ஏன் டேர்ட்டியா இருக்கு?"

"அதுவோ? சுவிங்கம் சப்பிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தனான், வாயால விழுந்து ஒட்டிப்போச்சு."

"சுவிங்கம் பைக்கற்றுக்குள்ளதான் கஜன் இருந்தது," என்றேன் நான். "அது இளகினா பக்கத்து அட்டையில ஒட்டும்."

கஜன் சிரித்தான். "அட, மச்சாளுக்கும் ஹொக்கி தெரியுமே!" எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். "உவன் சின்னனிலயே உதில பைத்தியம்," என்றார் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "பெட்டி பெட்டியாச் சேர்த்து வைச்சிருந்தவன்." நான் ஆரணியின் கையிலிருந்து அட்டையை வாங்கி, கறையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அம்மா இன்னும் சென் ஜேம்ஸ் ரவுணில்தான், அதே கட்டடத்தில், தனியாக இருக்கிறார். அன்று அவரைத் திருப்பிக் கொண்டுபோய் விடும்போது, வீதியில் பனி இருந்ததால் மெதுவாகவே ஓட்டிவந்து சேர்ந்தோம். மூலைக்கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். வாசலில் வண்டில் ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் வண்டில்களின் சில்லு கடை வளவைத் தாண்டினால் பூட்டிக்கொள்கிற மாதிரிச் செய்துவிட்டார்களாம். பின்படிக்கட்டின் கதவில் ஒரு பெட்டி பொருத்தி, அட்டை காட்டினால்தான் திறக்கும் என்று போட்டிருந்தார்கள். லிப்ற்றுக்காக நின்றபோது, அன்று முழுக்க நாக்கு நுனியில் நின்றதைக் கேட்டேன்.

"அம்மா, உந்தக் கோல் கீப்பர் படம் என்னுடையது. அந்தப் பெட்டி முழுக்க என்னுடையது. நீங்கள்தான் தட்டில வைச்சு அவனுக்குக் குடுத்தனீங்கள். ஞாபகம் இல்லையோ?"

அம்மா என்னை வடிவாக உற்றுப் பார்த்தார். எதையும் மறைக்கிற முகம் அல்ல அது. உண்மையாகவே யோசித்துப் பார்க்கிற முகம். யோசித்து, ஒன்றும் அகப்படாமல், என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

"நீ எங்க பிள்ளை விளையாடினனி? நீ சின்னனில இருந்தே அறையை விட்டு வெளியில வராத பிள்ளை."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். லிப்ற் வந்தது. அவர் ஏறும்வரை கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.